ஆத்தா விளையாடின ஊர்

ஐப்பசி மழைக்கு ஒதுங்கி மல்லசமுத்திரம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்செங்கோட்டு பஸ் இன்னும் வரவில்லை. மேசையில் இந்தப் பக்கத்து ஊர்களின் சரித்திரம் என்று ஒரு புத்தகம் கிடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனால், நான் பிறந்த ஊரும் அதில் இருக்கிறது. என் அம்மாவும் இரண்டு தம்பிகளும் ஊர்ச்சனமும் ஒரே மாசத்தில் செத்துப்போனதை எழுதியிருப்பார்கள் என்று தேடுகிறேன்.

"இவ்வூரில் அம்மன் விளையாடியதாக முதியோர் கூறுவர். விழாவுக்குப் பின் மக்கள் ஊரைவிட்டுக் குடிபெயர்ந்தனர்" என்று போட்டிருக்கிறது.

எங்கள் பக்கம் பெரியம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஆத்தா விளையாடுகிறாள் என்போம். எழுதினவர் அதைத் திருவிழா, நோம்பி என்று நினைத்துக்கொண்டார்.

நூலகக்காரர் எட்டிப் பார்க்கிறார். "உங்க ஊருங்களாம்மா? நோம்பின்னா அந்தக் காலத்து நோம்பிதானுங்க" என்று சிரிக்கிறார்.

"நோம்பி இல்லீங்க சாமி. ஆத்தா வாத்து சனமெல்லாம் செத்துப்போச்சுங்க."

அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. "புஸ்தகம் அச்சாயிருச்சுங்களேம்மா. உங்க ஊர்க்காரங்க இன்னும் நாலு பேர் வந்து சொன்னா, எழுதினவருக்குக் காயிதம் போடலாமுங்க. ஆராச்சும் இருக்காங்களா?"

பிழைத்தவர்களில் என்னோடு மிச்சமிருந்தது அத்தை மகள் ஒருத்திதான். அவளும் போன தை மாசம் போய்விட்டாள்.

"கூட்டியாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.