உதிரம் குறைந்த மாதங்கள்

என் நோயின் முதல் அறிகுறியை நாங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். முதல் கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்த பிறகு, மாதவிலக்கு ஒரே நாளில் நின்றுபோகத் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அந்த நாள்களில் துணி அலசி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

"குடுத்து வச்சவ நீ. எனக்கெல்லாம் அஞ்சு நாளும் உசுரு போவுது" என்பார் பக்கத்து வீட்டு மேரி அக்கா. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அதன்பின் கரு தங்கவே இல்லை. நகரத்து மருத்துவமனையில் சோதனைக் குழாய் முறையில் (கருமுட்டையையும் விந்தணுவையும் வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பைக்குள் வைப்பது) இரண்டு முறை முயன்றும் தோல்வி. வீடு திரும்பும்போது மின்சார ரயில் ஆட்டிய ஆட்டத்தில்தான் கரு நழுவியது என்று அத்தை, அதாவது என் மாமியார், தீர்மானித்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார். நான் தலைகீழாகத் தொங்காத குறை. ஆனாலும் கோபம் வரவில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார்.

மூன்றாவது முறைக்கு முன் டாக்டரம்மா கேட்டார். "பீரியட்ஸ் எத்தன நாள் இருக்கும்?"

"ஒரு நாள்தான் மேடம். எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல."

அவர் பேனாவை மூடினார். "அதாம்மா தொந்தரவு."

எண்டோமெட்ரியம் (கருப்பையின் உட்சுவர், மாதந்தோறும் தடித்து, கரு வராவிட்டால் உதிர்வது) எனக்கு மெலிந்திருந்தது. சுத்தம் செய்யச் சுரண்டிய இடத்தில் தழும்பு. கருவில் குறையில்லை, அது ஊன்ற இடம்தான் இல்லை.

வீட்டில் சொன்னேன். "அப்ப ரயிலு இல்லியா?" என்ற அத்தை, செங்கற்களை வெளியே போட்டுவிட்டு வந்து என் தலையைத் தடவினார். இருவரும் அழுதோம்.

தழும்பைக் கருவி விட்டு நீக்கினார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை (உட்சுவரை வளர்க்கும் ஹார்மோன்) சாப்பிட்டதில் குமட்டிக்கொண்டே இருந்தது. ஸ்கேனில் உட்சுவர் போதுமான அளவு தடித்த பிறகே கருவை வைத்தார்கள். ஊன்றிக்கொண்டது.

உங்களுக்கும் உதிரப்போக்கு திடீரென்று குறைந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரசவத்தில் மகள் வந்தாள், நஞ்சுக்கொடி வரவில்லை. தழும்பு இருந்த கருப்பையில் அப்படி நேரலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மயக்கம் கொடுத்துக் கையால் பிரித்தெடுத்தார்கள். விழித்ததும் அதைக் காட்டச் சொன்னேன்.

"இன்னாம்மா, புள்ளயப் பாக்காம இத்தப் போயி பாக்குறே?" என்றார் வார்டு ஆயா, தட்டை அருகே கொண்டுவந்து. "உடவே மாட்டேன்னுச்சாம். அப்டி ஒட்டிக்கினு இருந்துச்சாம்."

ஒன்றையும் பிடித்துவைக்கத் தெரியாத உடம்பு என்று எத்தனை வருடம் என்னையே திட்டியிருக்கிறேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை. அது ஒட்டிக்கொண்டிருந்ததை அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.