ஆத்தாவும் ஆத்தியும்

எனக்குப் பொறுமையை உபதேசித்த ஒருவரும் வாழ்க்கையில் எதையும் புதிதாகக் கற்றுக்கொண்டவர் இல்லை. அவர்களில் முதல்வர் என் கணவர். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்த எனக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 'மே ஆத்தா ஹூம்' என்றால் நான் வருகிறேன். 'மே ஜாத்தா ஹூம்' என்றால் நான் போகிறேன். தீர்ந்தது பாடம். நானும் அதை வைத்துக்கொண்டே பால் பூத், காய்கறி வண்டி, பக்கத்து வீடு என்று தொண்ணூறுகளில் பெரும்பகுதியை ஓட்டிவிட்டேன்.

'ஆத்தா' என்று ஆண்தான் சொல்லவேண்டும், பெண்ணானால் 'ஆத்தி' என்று எனக்குச் சொன்னவள் மூன்றாவது படித்த என் மகள். நம் ஊரில் ஆத்தா என்றால் அம்மன். இங்கே மீசை வைத்தவன். அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ வராதம்மா. அப்பா வரட்டும். நீ லட்கா மாதிரி, ஆம்பளப் பையன் மாதிரி பேசுத. மேம் சிரிப்பாங்க."

பெற்ற பிள்ளை என்னை ஒளித்துவைக்கப் பார்த்தாள். அன்றைக்கு அழுதேன். அடுத்த கூட்டத்துக்கு நான்தான் போவேன், அவள் என்னால் தலைகுனியக்கூடாது என்று வைராக்கியம் வந்தது.

"ஏன் இத்தனை வருஷமா சொல்லல?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஆத்தாவாவது ஆத்தியாவது! எவன் கவனிக்கான்? பொறுமையா இரு, தன்னால வரும்."

தன்னால் வருவதற்கு அது என்ன நரையா?

குளிர்கால வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் பஞ்சாபிக்காரிகளிடம் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் 'ஆவோ, பாய் சாஹப்' என்று கூப்பிடுவார்கள். வாங்க, அண்ணாச்சி என்று அர்த்தம். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். வினைச்சொல்லைச் சரிசெய்தால் பெயர்ச்சொல் காலை வாரும். மீசை பெண்பால். ரவிக்கை ஆண்பால். லத்தியைத் தூக்கிக்கொண்டு வரும் போலீஸும் பெண்பால். எந்தப் புண்ணியவான் பிரித்தான் என்று தெரியவில்லை. ஏன் என்று கேட்டால், "பஸ், ஐசே ஹீ" என்பார்கள். அப்படித்தான், அவ்வளவுதான்! இதற்கு ஒரு இலக்கணம், அதற்கு ஒரு பரீட்சை வேறு.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கை வீங்குவதைச் சொல்ல மாட்டார்கள். சப்பாத்தி இடும்போதும் துணி துவைக்கும்போதும் ஆத்தி, ஜாத்தி, கர்த்தி என்று முணுமுணுத்தேன். கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஜபம் முடிஞ்சா காப்பி கிடைக்குமா?" என்றார். காப்பி ஆண்பாலா பெண்பாலா என்று கேட்டேன். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

குளிர் முடிந்த பிறகு கூட்டம் வந்தது. நான் போனேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். ஆசிரியை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஓர் இடத்திலும் ஆணாகவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அச்சா, அச்சா" என்று எழுதிக்கொண்டே போனார். இத்தனை மாதம் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பரிசு, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காததுதான். மகள் மட்டும் தலைநிமிர்ந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் பசிக்கிறது என்று ஹிந்தியில் சொன்னாள். நானும் பெருமை பொங்க ஹிந்தியிலேயே பதில் சொன்னேன். வீடு வரை ஹிந்திதான். மறுநாளும் ஹிந்திதான். அதுவரை வீட்டில் அவள் பேசிய தமிழெல்லாம், ஹிந்தி சரியாக வராத என் ஒருத்திக்காகப் பேசியது என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

"தமிழ்ல சொல்லேன்டி," என்றேன் ஒருநாள்.

"எதுக்கு? உனக்குத்தான் வந்துடுச்சே!" என்றாள். அதையும் ஹிந்தியில்தான் சொன்னாள்.