உதட்டில் தழும்புள்ள கட்லா

கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடி அரைபடக் காத்து நின்றபோது செல்வினின் மனைவி மேரியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, அவுக போயிட்டாக. காலையில எந்திரிக்கவே இல்ல." பொடியை வாங்காமலே செம்பூரில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

பவாய் ஏரியில் ஞாயிறுதோறும் தூண்டில் போடும் நம் கூட்டத்துக்கு அவனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாராவியில் மொபைல் ரிப்பேர் கடை. வாரம் முழுக்கக் குனிந்த தலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய் மூடாது. பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்ப ஏரியில் விடுவது நம் வழக்கம். அதற்கும் என்னைத்தான் வம்புக்கு இழுப்பான். "மாதுங்காக்காரரே, மீன் திங்காத நீரு விடுறது சரி. திங்குற நானும்லா விடுதேன்!"

தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் ஓர் எதிர்முள் இருக்கும். மீன் உதறினாலும் கழலாமல் பிடித்துக்கொள்வது அதுதான். செல்வின் அது பெரிதாக உள்ளதையே தேடி வாங்குவான். முள்ளைக் கட்டும் முடிச்சின் மேல் சிவப்பு நூல் சுற்றுவது அவன் மட்டும் செய்வது. ஒரு மழைக்காலத்தில் பெரிய மீனொன்று நைலான் நரம்பை அறுத்துக்கொண்டு வாயில் மாட்டிய முள்ளோடு போனது. "மீன் போனா என்ன, நம்ம முள்ளு கழலலையே" என்று அன்றும் பீற்றிக்கொண்டான்.

அடுத்த வருடம் அவனுக்கு ஒரு கட்லா மாட்டியது. நம்மில் யாரும் அவ்வளவு பெரிய மீனைப் பிடித்ததில்லை. நான் தராசை எடுத்துக்கொண்டு ஓடினேன். மீனின் இடப்பக்க உதடு வீங்கிப் புண்ணாகியிருந்தது. உள்ளே துருப்பிடித்த பழைய முள், அதில் வெளுத்துப்போன சிவப்பு நூல். செல்வினின் முகம் செத்துவிட்டது.

"இது என்னோடதுல்லா" என்றான்.

குறட்டால் எதிர்முள்ளை வெட்டி முள்ளை உருவினான். ரத்தம் வந்தது. "அரே, சட்டுனு எடை போட்டுடலாம், தராசு ரெடியா இருக்கு" என்றேன்.

"அது மூச்சுக்குத் தவிக்கி. உமக்கு எடை கேக்குதோ?"

தண்ணீரில் இறங்கி, மீனை இரு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். ஒருவழியாக அது நகர்ந்தது, ஆனால் ஒருபக்கம் சாய்ந்தபடியே ஆழத்துக்குள் போனது.

அதன்பின் தன் முட்களிலெல்லாம் எதிர்முள்ளை அரத்தால் ராவித் தேய்த்துவிட்டான். பல மீன்கள் நழுவின. செல்வின் மீனுக்கு டிபன் போடுகிறான் என்று நாம் எல்லோரும் கேலி செய்தோம். "கழலட்டும் வே. கழலணும்னுதான ராவுதேன்" என்பான்.

ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கட்லா பிழைத்ததா என்று தெரிய வேண்டும். யாருக்குக் கட்லா மாட்டினாலும் தன் கழியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதன் உதட்டைப் பார்ப்பான். திரும்பும் பஸ்ஸில் "பொழச்சிருக்கும்லா வே?" என்று கேட்பான். "பொழச்சிருக்கும்" என்பேன். ஒருமுறை எரிந்து விழுந்தான். "பாத்த மாதிரி சொல்லாதீரும்!" அடுத்த வாரம் மறுபடியும் கேட்டான். கடைசி ஞாயிறும் கேட்டான். தெரியாமலே போய்விட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவன் பெட்டியையும் கழியையும் மேரி எடுத்துப்போகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவனுடைய அந்தக் கவலை ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டது. போன ஞாயிறு பக்கத்தில் யாருக்கோ ஒரு கட்லா மாட்டியது. எழுந்து ஓடிப்போய் அதன் உதட்டைப் பார்த்தேன். தழும்பு இல்லை. இனியும் பார்ப்பேன். என்றாவது அந்தத் தழும்பு கண்ணில் பட்டால், யாரிடம் போய்ச் சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.