ஹாட்யாயில் அண்ணி குடித்த தீர்த்தம்

ஏப்ரல் 13, காலை மணி 5.00. மலேசியாவில் எங்கள் சிம்பாங் அம்பாட்டின் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே வேன் நின்றது. பத்துப் பேர் உட்காரும் வேன். ஓட்டுநர் செல்வா எங்கள் ஊர்ப் பையன், பக்கத்து அலோர் காஜாவில் வீடு, மாதம் இரண்டு தடவையாவது தாய்லாந்திலுள்ள ஹாட்யாய் போய் வருகிறவர். எல்லை வரைக்கும் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், அதற்கு அப்பால் இன்னும் அறுபது என்றார். என் இருக்கை எண் ஐந்து. ஆறில் ஏற்கெனவே அண்ணி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு முறுக்கு டின்னோடு.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது அண்ணியின் மகள் யாழினி. எங்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மற்றவர் வருவதைச் சொல்லாமலே இடம் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்து நான் போன் செய்தபோது, "பணம் கட்டியாச்சு அத்தை, கேன்சல் பண்ண முடியாது லா. என் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிட்டு வாங்க, போதும்," என்றாள். கெட்டிக்காரப் பெண். அவளுடைய அப்பா, அதாவது என் அண்ணன், இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணியும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

காரணம் நான்தான். அதை மறைத்துவிட்டுப் பயணக் கட்டுரை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. அண்ணன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டில் அத்தனை பேர் நடுவில் நான் அண்ணியைப் பார்த்து, நேரத்தோடு கூட்டிப் போயிருந்தால் என் அண்ணன் பிழைத்திருப்பார் என்று சொன்னேன். நான் முப்பது வருடம் கிளினிக்கில் வேலை பார்த்தவள், என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு, கேட்டவர்கள் நம்பினார்கள். அண்ணி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அன்று காலை அண்ணன் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். கிளினிக்கில் கூட்டம். வெறும் காற்றுப் பிடிப்பாக இருக்கும், சுக்குத்தண்ணி குடித்துவிட்டுப் படு என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

ஆவணியில் யாழினிக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் தம்பதியாக நின்று, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நீர் வார்ப்பது எங்கள் வழக்கம். அதைத் தாரை வார்ப்பது என்போம். கணவனை இழந்த அம்மா அந்த இடத்தில் நிற்பதில்லை. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் நிற்க வேண்டும் என்று அண்ணி யாழினி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். தாரை வார்க்க வாங்கிய பித்தளைச் சொம்பும் என் வீட்டுக்கு வரவேண்டியது. அண்ணியை அப்படிப் பேசிய நான் எந்த முகத்தோடு அவர் இடத்தில் போய் நிற்பது? திரும்பி வருவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் வேனில் ஏறினேன்.

காலை 8.15, நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் 4 ரிங்கிட், தேநீர் 2 ரிங்கிட் 50 சென். அண்ணி முறுக்கு டின்னைத் திறந்து வேனில் இருந்த எல்லோருக்கும் நீட்டினார். என் பக்கம் வந்தபோதும் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

பகல் 12.40, புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடி. தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரானுக்குப் போகிற கூட்டம் எங்களுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. பாஸ்போர்ட்டில் சாப்பு, அதாவது முத்திரை, வாங்க இரண்டு மணி நேரம். எல்லை தாண்டியதும் செல்வா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பச் சொன்னார். "ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சிருக்கு ஆன்ட்டி, வீணாக்காதீங்க," என்றார். யாழினி அவரிடமும் ஏதாவது சொல்லி வைத்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

தாய்லாந்து நேரம் மாலை 3.30, ஹாட்யாய். ஊரே நனைந்திருந்தது. பிக்கப் வண்டிகளில் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் வருகிறவர் மீதெல்லாம் ஊற்றுகிறார்கள். கோபித்துக்கொள்வாரும் இல்லை, தப்பித்துப் போவாரும் இல்லை. வேனிலிருந்து விடுதிக்கு இருநூறு அடிதான், அதற்குள் நாங்கள் தொப்பலாகிவிட்டோம். சந்தின் முனையில் ஒரு பெண் கிண்ணத்தில் வெள்ளை மாவைக் குழைத்து வைத்துக்கொண்டு வழியில் போவோர் கன்னத்திலெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். அண்ணியிடம் வந்தாள். அண்ணி கண்ணை மூடி, தலையைக் குனிந்து, நெற்றியைக் காட்டினார். அந்தப் பெண் சற்றே தயங்கிவிட்டு, நெற்றியிலேயே மூன்று விரலால் இழுத்துவிட்டாள். பட்டை போட்ட மாதிரி அமைந்துவிட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விடுதி கிம் யோங் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. இருவர் தங்கும் அறை ஓர் இரவுக்கு 700 பாட். நடத்துகிறவர் சுனி என்ற அம்மாள், நாற்பத்தைந்து வயது இருக்கும், மலேசியர் வந்து போகிற இடமென்பதால் மலாய் நன்றாகப் பேசுகிறார். எங்களுக்குப் பேச்சுத் துணை அந்த மலாய்தான். அறை ஒன்று, கட்டில் இரண்டு. அண்ணி சன்னல் பக்கத்துக் கட்டிலை எனக்கு விட்டுவிட்டார்.

ஏப்ரல் 14, காலை 6.30. நமக்கும் புத்தாண்டு. என் அறுபது வயதில் சித்திரை முதல் நாளை வெளியூரில் கண்டது இதுதான் முதல் தடவை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணி மேசைமேல் தட்டு ஒன்றில் இரண்டு மாம்பழமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, பக்கத்தில் அண்ணனின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு பேரும் கும்பிட்டோம். படத்தில் அண்ணன் சிரிக்கவில்லை, சாப்பு வாங்க வரிசையில் நிற்பவர் முகம்தான். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலை துவட்டப் போய்விட்டேன்.

காலை 8.30. கீழே இறங்கினால் விடுதி வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுனியின் அம்மா, மாமா, பக்கத்துக் கடைச் சீனப் பெரியவர், இன்னும் இரண்டு வயதானவர்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகையும் ரோஜா இதழும் மிதக்கும் வாசனை நீர். வயதில் சின்னவர்கள் ஒவ்வொருவராக முட்டி போட்டு, பெரியவர்கள் நீட்டிய கைகளில் நீர் ஊற்றுகிறார்கள். பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். என்ன சொல்லி ஊற்ற வேண்டும் என்று சுனியிடம் கேட்டேன். போன வருடம் தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டுமாம்.

சுனி அண்ணியின் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார வைத்தார். அண்ணி பதறி எழுந்தார்.

"சாந்தி, நான் இதுல உக்காரக்கூடாது. அவங்களுக்குத் தெரியல. நீ சொல்லு."

இரண்டு வருடம் கழித்து அண்ணி என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் சுனியிடம் சொன்னேன். இவருடைய கணவர் இறந்துவிட்டார், எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்கள் வாழ்த்த முன்னால் வருவதில்லை என்று மலாயில் சொல்லும்போதே அது என் காதுக்கு நன்றாக இல்லை. சுனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வரிசையைக் கையால் காட்டினார். என் அம்மாவுக்கும் கணவர் இல்லை, மாமாவுக்கு மனைவி இல்லை, அந்தச் சீனப் பெரியவருக்கும் இல்லை, இவர்களை விட்டால் எங்களை வாழ்த்த யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அதை அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அண்ணி நாற்காலி விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடலாம் என்பதுபோல உட்கார்ந்தார். சுனி ஒரு மல்லிகைச் சரத்தை அவர் கையில் வைத்தார். அண்ணன் போன பிறகு அண்ணி மல்லிகையைப் படத்துக்குப் போடத்தான் கையில் எடுப்பார் என்று யாழினி சொல்லியிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தவரிடம், "பிடிங்கண்ணி," என்றேன். பிடித்துக்கொண்டார்.

என் முறை வந்தது. முட்டி வலியோடு கீழே உட்கார்ந்தேன். வழி நெடுக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "அண்ணி," என்றேன். அவ்வளவுதான். சின்னக் குவளையால் நீரை எடுத்து அவர் கையில் ஊற்றினேன்.

அண்ணி என்ன செய்தார் தெரியுமா? சரத்தை மடியில் வைத்துவிட்டு, வலது உள்ளங்கையைக் குழித்து, ஊற்றிய நீரை ஏந்தி, ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டார். மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார். கோயிலில் ஐயர் ஊற்றினால் நம் கை தானாகச் செய்யுமே, அதேதான். ஓர் இதழ் அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுனியின் அம்மாதான் முதலில் சிரித்தார், பிறகு அந்த வரிசையே குலுங்கியது.

"தீர்த்தம்னு நெனச்சிட்டேன்டி," என்று சொல்லிவிட்டு அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஈரக் கையை என் தலைமேல் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயில் நீரை நாங்கள் குடிப்போம் என்று சுனிக்கு விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு தனிக்கதை. அன்று முழுவதும் எதைக் குடித்தாலும் செண்ட் வாசம் அடிக்கிறது என்று அண்ணி குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம்தான்.

பகல் 12.00. நகராட்சிப் பூங்கா மலை, ஊரிலிருந்து 6 கிலோமீட்டர். மேலே நான்முகப் பிரம்மா. நம் ஊர்க் கோயில்களில் எங்கோ மூலையில் இருப்பவர் இங்கே தங்க நிறத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் மரத்தில் செய்த யானைகளைக் கொண்டு வந்து வைக்கிறார்கள், பட்டாசும் கொளுத்துகிறார்கள். சரஸ்வதியைக் காணோமே என்று அண்ணி நான்கு பக்கமும் சுற்றித் தேடினார். பிறகு மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடையில் சாப்பிட்டோம். சோறும் மூன்று வகைக் காயும் 50 பாட்.

ஏப்ரல் 15, மாலை 4.30. சொங்க்லா, ஹாட்யாயிலிருந்து 30 கிலோமீட்டர். சமிலா கடற்கரையில் கடற்கன்னி சிலையோடு படம் எடுக்க நீண்ட வரிசை. நாங்கள் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் உயிரோடு இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் எங்கள் பக்கத்துக் கிளேபாங் கடற்கரைக்குப் போய்த் தேங்காய் ஷேக் வாங்கிக்கொண்டு இப்படித்தான் மணலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். இனியும் தள்ளிப் போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அண்ணி, அன்னிக்குக் காலையில அண்ணன் எனக்குத்தான் போன் பண்ணாரு. காத்துப் பிடிப்புன்னு சொல்லி நான்தான் வச்சிட்டேன். அத மறைச்சிட்டு உங்க மேல பழியப் போட்டேன்."

அண்ணி சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"தெரியும் சாந்தி. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாரு."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்க அரை மணி நேரம் ஆயிற்று.

"சொல்லி? அவரு போயிட்டாரு. உன்னையும் சேர்த்து அடிக்கணுமா? நீ சொன்னப்போ வலிச்சது. ரொம்ப வலிச்சது. ஆனா நீயும் தூங்கிருக்க மாட்டேன்னு தெரியும்."

அவர் மடியில் தலை வைத்து அழுதேன். அறுபது வயதுக்காரி, பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள், எனக்குக் கவலையில்லை. அழுது முடித்ததும், தாரை நீங்கள்தான் வார்க்க வேண்டும், யார் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். சபை ஒத்துக்கொள்ளாது என்றார். எழுந்து பாயைச் சுருட்டினார்.

ஏப்ரல் 16, காலை 8.00. சுனி வாசல் வரை வந்து வழியனுப்பினார். அண்ணி மிச்சமிருந்த முறுக்கை டின்னோடு கொடுத்துவிட்டார். எல்லையில் கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் திருப்பினோம். வந்தபோது கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இருந்தாலும் நான் அதை வீணாக்கவில்லை என்று செல்வாவிடம் சொன்னேன். தாப்பா வரைக்கும் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மாலை 6.30, சிம்பாங் அம்பாட். அண்ணி வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்து இரண்டு வருடம். கூடத்தில் அண்ணனின் பெரிய படம், அதன் கீழே கல்யாணச் சாமான்கள், நடுவில் அந்தப் பித்தளைச் சொம்பு. அண்ணி கைப்பையிலிருந்து ஹாட்யாய் மல்லிகைச் சரத்தை எடுத்தார். காய்ந்து பழுப்பாகியிருந்தது, வாசம் மட்டும் இருந்தது. படத்துக்குத்தான் போடப்போகிறார் என்று நினைத்து, அவருக்கு உயரம் எட்டாதே என்று நான் கை நீட்டி வாங்கப் போனேன்.

"அவருக்குத்தான் தினமும் போடுறேனே சாந்தி. இது எனக்குக் கொடுத்தது," என்றார் அண்ணி. குனிந்து, சரத்தைச் சொம்பின் கழுத்தில் சுற்றினார். "இந்தச் சொம்ப நீ எடுத்துட்டுப் போவேணாம். இங்கயே இருக்கட்டும்."