இரண்டு புரி

பிரபா எந்த நூலைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து எதிர்ப்பக்கமாகத் திருகிப் பார்ப்பாள். முறுக்கு அவிழ்ந்து இரண்டு புரியும் தனியாகத் தெரிந்ததும் விட்டுவிடுவாள். நூல் தன்னால் மறுபடி சுற்றிக்கொள்ளும். பூக்கட்டிய நூல், பொட்டலச் சணல், முந்தானைக் குஞ்சம் எதுவும் தப்பாது. எடப்பாடியில் ஒற்றை நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கும் பட்டறையில் பல வருஷமாக அவளுக்குப் பக்கத்து மிஷின் என்னுடையது.

அவளுடைய மகள் சத்யபிரியாவுக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். அதனால் இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியபோது பிரபாவுக்குச் சந்தோஷப்படத் துணிச்சல் வரவில்லை. இதற்கும் அதே நோய் இருந்தால்?

மாமியார் செல்லியம்மாள் பட்டறைக்கே வந்து பேசினார். "எங்க ஊட்டுல யாருக்கும் இந்தச் சீக்கு இல்ல. எல்லாம் உன்ற அப்பன் ஊட்டு ரத்தம்."

பிரபா மிஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ற அப்பன் ஊடு நீங்க பொறந்த ஊடுதானுங்க அத்தை."

எல்லோரும் சிரித்துவிட்டோம். செல்லியம்மாள் பிரபாவின் அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் மகளைத் தன் மகன் நந்தகுமாருக்குக் கட்டிவைத்தவரும் அவரே. "வாய் மட்டும் எங்கம்மாளாட்டமே வந்திருக்குது பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நந்தகுமார் லாரியில் வடக்கே போயிருந்தான். அதனால் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் பிரபாவோடு நான் போனேன். வயிற்றில் ஊசி செலுத்தி, பிள்ளையைச் சுற்றியுள்ள திசுவில் துளி எடுத்து அதன் டி.என்.ஏ.வைப் பார்ப்பார்களாம். விளக்கம் சொல்ல அறிவுச்செல்வி என்ற பெண் இருந்தார்.

"டி.என்.ஏ.ங்கிறது ரெண்டு புரி சேர்ந்து முறுக்கிக்கிட்ட நூல் மாதிரிங்க" என்று ஆரம்பித்தார்.

பிரபா உடனே கேட்டாள். "அப்ப ஒரு புரி அவரோடது, ஒரு புரி என்னோடதுங்களா? ரெண்டும் கெட்டதுதானே. மறுபடியும் முறுக்குனா அதே நூல்தான வரும்? ஊசி எதுக்குங்க?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அறிவுச்செல்வி சிரிக்கவில்லை.

"அப்படி இல்லீங்க. அதுல இருக்கிறது நாலே எழுத்து. ஒரு புரியில ஏ இருந்தா எதிர்ல டி. ஜி இருந்தா எதிர்ல சி. ஒரு புரியைப் படிச்சா இன்னொண்ணைச் சொல்லிடலாம். ரெண்டும் சேர்ந்துதான் ஒரு நூல். அந்த மாதிரி முழு நூல் உங்ககிட்ட ரெண்டு. ஒண்ணு உங்க அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒண்ணு நல்லா இருக்கு, இன்னொண்ணுல ஒரு எழுத்து மாறியிருக்கு. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படியே. பிள்ளைக்கு ஆளுக்கொரு நூல் குடுப்பீங்க. ரெண்டுமே மாறினதாப் போறதுக்கு நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு."

"ஒரு எழுத்துக்கா இத்தனை பாடு?"

"மூல நூல் செல்லுக்குள்ள பத்திரமா இருக்கும். வேலைக்கு அதுல இருந்து ஒரு நகல் எடுக்கும். அது ஆர்.என்.ஏ. ஒத்தைப் புரி. அதுல டி-க்குப் பதிலா யூ. அந்த நகல்ல வேண்டாத துண்டை வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டணும். உங்களுக்கு எழுத்து மாறினது சரியா வெட்டுற இடத்துல. வெட்டு தப்பிப்போகுது, ரத்தத்துக்கு வேண்டிய சத்து உருவாகிறதில்ல."

"ஒத்தைப் புரி அறுந்து போயிடாதுங்களா?"

"சீக்கிரம் சிதைஞ்சிடும். வேணுங்கிறப்ப மறுபடி நகல் எடுத்துக்கும்."

ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். சங்ககிரி தாண்டியதும் மெல்லச் சொன்னாள். "இதுவரைக்கும் பயம் மட்டும் இருந்துச்சுக்கா. இப்ப ஆசையும் வந்துருச்சு. அதுதான் தாங்க முடியல."

அதன்பிறகு அவள் எந்த நூலையும் திருகிப் பார்க்கவில்லை. அறுந்ததை முடிச்சுப் போட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். போன் அடித்தால் யாருடைய பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

முடிவு வந்த அன்று மிஷின் சத்தத்தில் அவளுக்குப் போன் கேட்கவில்லை. நான்தான் திரை எரிவதைப் பார்த்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்ததும் போனை என் கையில் திணித்தாள். "நீங்களே கேளுங்கக்கா. என்னால ஆவாது."

வெளியே போய்க் கேட்டேன். உள்ளே வந்து அவளுடைய மிஷினை நிறுத்தினேன்.

"ஒண்ணு நல்லது, ஒண்ணு மாறினது. உன்னையும் நந்தகுமாரையும் போலத்தான். நோய் வராதாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கெட்டது யார் குடுத்ததாம்?" என்றாள்.

"கேக்கலையே சாமி."

"நல்லதாப் போச்சு. எங்க அத்தைகிட்டச் சொல்லாம இருக்கலாம்."

மகன் சரவணக்குமாருக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறான். அவனுடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் அக்காவின் நோய் தீரலாம் என்று, பொருந்துமா எனப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. சத்யபிரியாவுக்கு இன்றும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள்.