சாவித்திரிக்குச் சொல்லாத மறுசேதி

சாவித்திரி காலமான செய்தி ஆபீஸ் உத்தரவாகத்தான் எனக்கு வந்தது. "மஞ்சள் காமாலையில் இறந்தவர்: சாவித்திரி, மத்திகிரி. மூன்றாம் நாள் மறுசேதி சொல்ல வேண்டியவர்: நாகரத்தினம்." நாகரத்தினம் நான்தான். எத்தனையோ பேருக்காக இப்படித் தாள் வாங்கியிருக்கிறேன். அன்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது கிருஷ்ணகிரியில் தொழில் பிரித்தார்கள். நல்ல மார்க் வாங்கியவர்கள் மழை கட்டவும், விஷம் இறக்கவும், மை போட்டுப் பார்க்கவும் பழகப் போனார்கள். மிஞ்சிய எங்கள் இருவருக்கும் மறுசேதி. உறவுக்குச் சொல்வது சேதி. செத்தது தெரியாமல் ஏரும் குடமுமாக அலைகிறவருக்கே அதைச் சொல்வது மறுசேதி. இந்த வேலைக்காரிக்கு எவன் மாலை போடுவான் என்று என் அம்மா மூக்கைச் சிந்தினாள். சாவித்திரிக்காக மூக்கைச் சிந்த ஆளில்லை. அவள் நாலு வீட்டில் மாறி மாறி வளர்ந்தவள். "உடு நாகு, நம்மகிட்ட சேதி கேட்டவங்க யாரும் திரும்பி வந்து மனு போட மாட்டாங்க" என்று சிரித்தாள்.

ஒரு வருஷப் பயிற்சியில் கற்றது இரண்டே விதி. இறந்தவர் குழந்தையில் எந்த மொழியில் அழுதாரோ அந்த மொழியில் சொல்ல வேண்டும். வேறு மொழியில் சொன்னால் அந்தச் செய்தி மட்டும் காதில் ஏறாது. அடுத்தது, ஒருவருக்கு இரண்டு முறைதான் சொல்லலாம். இரண்டும் தவறினால் அவர் என்றைக்கும் அலைய வேண்டியதுதான்.

உத்தனப்பள்ளியில் இறந்த ஒரு விவசாயிக்குச் சொல்ல நான் போனேன். சந்தையில் தமிழ் பேசியவர் என்று தமிழில் சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் மனைவி என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சாவித்திரி வந்து தெலுங்கில் சொன்னாள். அவர் வரப்பில் உட்கார்ந்து, இனி யார் தண்ணீர் பாய்ச்சுவார் என்று கேட்டார். ஒவ்வொரு வயலாக அவர் கேட்கக் கேட்க, மத்தியானம்வரை நின்று பதில் சொன்னாள். திரும்பும்போது, "சொல்லிப்புட்டு ஓடியாரக் கூடாதுடி. கேக்கறதுக்கெல்லாம் நின்னு பதில் சொல்லணும்" என்றாள்.

கண்டக்டரிடம் கன்னடம், கடைக்காரரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவளுடைய மொழி எது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருநாள் களி கிண்டும்போது கொதிநீர் கையில் கொட்டி, சின்னப்பிள்ளை மாதிரி கன்னடத்தில் அழுதாள். நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன்.

இறந்த மூன்றாம் நாள் காலை மத்திகிரி பஸ் நிற்குமிடத்தில் சாவித்திரி பையோடு நின்றிருந்தாள். "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்குது? யாரு செத்தாங்க?" என்றாள். நான் தெரிந்தே தமிழில் சொன்னேன். தலையாட்டிவிட்டு பஸ் ஏறினாள். மிச்சமிருக்கும் ஒரு முறையை வீணாக்க அஞ்சி, அவள் மொழி எது என்று ஆபீசில் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். அவளை அனுப்ப எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

போன வாரம் அவள் சிரிக்கவில்லை. "எந்த ஊருக்குப் போனாலும் யாரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க நாகு. நான் என்னா தப்பு பண்ணேன்?" என்றாள்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, செத்தவள் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவளைத் தெரிந்த நீங்கள்தான். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெள்ளிக்கிழமை காலை நானே போய்க் கன்னடத்தில் சொல்லப்போகிறேன். அதற்குள் அவளிடம் ஒரு வார்த்தையாவது பேசிவிடுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது கை வெந்த அன்று அவள் அழுத அழுகை மட்டும். சொன்னதும், "எப்போ?" என்றுதான் முதலில் கேட்பாள். மூன்று மாதமாயிற்று என்று அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.