வேப்பிலை கட்டிய தலைத் தீபாவளி

அக்காவின் தலைத் தீபாவளிக்கு முதல் நாள் நான் வேலை செய்த துணிக்கடையில் கூட்டம் நெரிந்தது. கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் சிறிய கடைதான், ஆனால் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வரும் சனங்களுக்குத் தீபாவளித் துணி என்றால் எங்கள் கடைதான். முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு மதியத்துக்குமேல் கிளம்பினேன். அத்தானுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியும் சந்தன நிறச் சட்டையும் பையில் இருந்தன. எனக்கு ஒரு மயில்கழுத்து நிறப் புடவை. அதை எப்போது கட்டுவோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன்.

புக்கிட் ரோத்தானில் இறங்கித் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை நெருங்கும்போதே முறுக்கு வேகிற வாசம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். மற்ற லயங்களிலிருந்து வந்தது. எங்கள் வரிசைக்கு வந்தபோது வாசம் நின்றுபோனது. பக்கத்து வீட்டு அடுப்பில்கூடப் புகை இல்லை.

எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அம்மா வாசலுக்கு வந்து, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள்.

"ஆத்தா வந்திருக்கா."

எங்கள் பக்கம் அம்மையை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாரியாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள்.

"யாருக்கும்மா?"

"மாப்ளைக்கு. காலையில வந்து எறங்குனப்பவே கண்ணு செவந்திருந்துச்சி. பஸ்ல வந்த அசதின்னு நெனைச்சோம். சட்டையக் கழட்டுனா நெஞ்செல்லாம் முத்து."

எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. பையில் இருந்த புடவைதான் நினைவுக்கு வந்தது. அம்மை இறங்கும்வரை வீட்டில் யாரும் புதுத்துணி கட்டக்கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, கறி மீன் கிடையாது. தீபாவளி என்று நாங்கள் எதைச் சொல்வோமோ, அவ்வளவும் கூடாது.

அக்கா சமையல்கட்டில் பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் அழுததற்கு அத்தானின் அம்மை மட்டும் காரணம் இல்லை.

அக்கா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். கூட வேலை செய்யும் பெண்களோடு வாடகை வீட்டில் இருந்தாள். அங்கேதான் அத்தானைப் பார்த்தாள். அவர் அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவர்கள் குடும்பமும் ஒரு காலத்தில் தோட்டத்தில் இருந்ததுதான், எங்கள் சனம்தான். பெண் கேட்டு முறையாகத்தான் வந்தார்கள். அப்பாவும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளே முடிவு செய்துவிட்டுத் தன்னிடம் வந்து சொன்னது அவருக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. கல்யாணத்தில் எல்லாம் செய்தார். மாப்பிள்ளையோடு மட்டும் நேராகப் பேசவில்லை. அத்தான் மறுவீட்டுக்கு வந்தபோது அப்பா அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "அவர சாப்பிடச் சொல்லு," என்று அம்மாவிடம் சொன்னார். அத்தானும், "போதும்னு மாமாகிட்ட சொல்லுங்க அத்தை," என்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கறிக்கிண்ணம்தான் இருந்தது.

தலைத் தீபாவளியில் எப்படியாவது இது சரியாகிவிடும் என்று அக்கா நம்பியிருந்தாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மா வந்தாள். வாசலில் நின்றபடியே பெருமூச்சு விட்டாள்.

"மொதத் தீபாவளியே இப்படியா? பெரியவங்க பாத்து நாள் குறிச்சிருந்தா இது ஏன் வருது?"

அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா, செம்பனைக்கு உரம் போடும் வேலையில் அம்மாவோடு கூட்டாளி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் எப்போதும் மைதானம்வரை கேட்கும்.

"ஏங்க்கா, ஆத்தா இவங்க வீட்டத் தேடி வந்திருக்கா. ஒங்க வீட்டுக்கு வந்தாளா? பேசாம இரு லா."

பெரியம்மா போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் பக்கத்து வீட்டில் ஏன் அடுப்பு புகையவில்லை என்று தெரிந்தது. பழைய லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பலகைச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். முத்துப் போட்ட உடம்புக்கு எண்ணெய்ப் புகை ஆகாது என்று அந்த அக்கா, பிசைந்த மாவையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு வேறு லயத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்ப் பொரித்திருக்கிறாள். அவளைப் பார்த்து எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் சட்டியை வெளியே கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்க் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது, அத்தானை யார் பார்த்துக்கொள்வது என்ற சிக்கல். அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதே இல்லை. அவள் கிட்டே போகக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எனக்குப் போட்டிருக்கிறது, ஆனால் நான் மச்சினி, கல்யாணம் ஆகாதவள். அம்மா மாமியார். சட்டை இல்லாமல் படுத்திருக்கும் மருமகனுக்கு வேப்பிலையால் தடவிக் கொடுக்க அவளாலும் முடியாது. மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு மூன்று பேரும் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். கை முழுக்க முள் கிழித்த கோடுகள். கோவில் பக்கத்து வேப்பமரத்திலிருந்து ஒரு கட்டு ஒடித்து வந்தார். நடுக்கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலையை மடித்துப் போட்டு, இலைகளைப் பரப்பினார். எதையும் பேசாமல் அத்தானின் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

தீபாவளி அன்று காலையில் லயத்துப் பிள்ளைகள் பட்டாசை எடுத்துக்கொண்டு பந்து விளையாடும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். தூரத்தில்தான் வெடித்தது. கோவில் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. எங்கள் வீட்டில் அம்மா கூழ் காய்ச்சினாள். நான் பழைய பாவாடையோடு முற்றத்தில் உட்கார்ந்து இளநீர் சீவினேன். பாதையில் புதுச்சட்டை போட்டவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேரே வரும்போது பேச்சைக் குறைத்து, செருப்பைக் கழற்றி, வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் புடவையின் நினைவு போனது.

அத்தானுக்கு அரிப்பு தாங்கவில்லை. முகத்தில், காதில், தலைக்குள் எல்லாம் முத்து. அழகான மனிதர். கல்யாணத்தன்று லயத்துப் பெண்கள் எல்லாரும் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். இப்போது ஒரு கண் திறக்கவில்லை. அவர் கை தானாக முகத்துக்குப் போனது. அப்பா அந்தக் கையைப் பிடித்தார்.

"சொறியாதீங்க மாப்ள. தழும்பு விழுந்திரும்."

அரிவாளை அப்படியே நிறுத்தினேன். சமையல்கட்டில் அம்மா அகப்பையை வைத்துவிட்டாள். அக்கா பலகைச் சுவரில் காதை வைத்தாள்.

பிறகு அத்தான் கம்மிய குரலில் பேசினார்.

"மன்னிச்சிருங்க மாமா. ஒங்க வீட்டுப் பண்டிகையக் கெடுத்துட்டேன்."

"நீங்க என்னா பண்ணுவீங்க? வர்றவ கேட்டுக்கிட்டா வர்றா?" என்றார் அப்பா. "எனக்குப் போட்டப்ப பத்து வயசு இருக்கும். எங்கப்பா என் ரெண்டு கையிலயும் துணியச் சுத்திக் கட்டிட்டாரு. அப்பவும் காதுகிட்ட சொறிஞ்சிட்டேன். இந்தா, பாருங்க."

அப்பாவின் காதுக்குப் பின்னால் தழும்பு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. அப்பா வேப்பிலைக் கொத்தால் மெதுவாக வருடிக்கொண்டே பேசினார். குலை எப்படிப் பழுக்கும், வேலை வாங்கும் மண்டோர் எதற்கெல்லாம் திட்டுவார், கால்வாயில் மழைக்காலத்தில் என்ன மீன் ஏறும் என்று, எங்களிடம்கூட அவ்வளவு பேசாத மனிதர் சொல்லிக்கொண்டே போனார். அத்தான் தொழிற்சாலை இயந்திரங்களைப் பற்றிச் சொன்னார். அப்பாவுக்கு அது பாதி புரிந்திருக்காது. "அப்படியா?" "அப்புறம்?" என்று கேட்டார். அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தான் தூங்கிய பிறகு, அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். அவள் எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளப் போனாள்.

"கிட்ட வராத. நான் அங்க தொட்டுட்டு வந்திருக்கேன்," என்று அப்பா ஓரடி பின்னால் போனார். பிறகு, "கண்ணத் தொடச்சிக்க. அவருக்கு ஒண்ணும் ஆவாது," என்றார்.

தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் வந்து பார்த்து, தடவ வெள்ளை மருந்தும் விடுப்புச் சீட்டும் கொடுத்தார். அம்மா மருந்தை வாங்கி வேப்பிலைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டு வைத்தியமும் நடந்தது. நான் வேலைக்குப் போனபோது, கோலா சிலாங்கூரில் பொதுத் தொலைபேசியிலிருந்து தொழிற்சாலைக்குத் தகவல் சொன்னேன். திரும்பி வரும்போதெல்லாம் அக்கா, "இன்னிக்கி எப்படியிருக்காரு, நீ எட்டிப் பாத்துச் சொல்லு," என்பாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சுவர் வழியாகப் பேசினார்கள். "சாப்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" இதையே நாள் முழுக்கக் கேட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில்கூட அவர்கள் எங்கள் முன்னால் அவ்வளவு பேசியதில்லை.

முத்தெல்லாம் காய்ந்து உதிரத் தொடங்கியதும் நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றினோம். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை அம்மா வெயிலில் வைத்துச் சூடேற்றினாள். வீட்டுக்குப் பின்னால் அத்தானைப் பலகையில் உட்கார வைத்து அப்பாவே குளிப்பாட்டினார். காதுக்குள் தண்ணீர் போகாமல் கையை வைத்து மறைத்து, சின்னப் பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். நாங்கள் வீட்டைக் கழுவி, கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். அவ்வளவோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் ரவாங் திரும்புவதாக இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"என்னா இன்னும் தூங்குறீங்க? இன்னிக்கித்தான் ஒங்க தீபாவளி. எழுந்து தலையில எண்ணெய வைங்க லா."

அவள் வீட்டுக்குப் பின்னால் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் அதிரசம். கடைசி வீட்டில் இட்லிப்பானை. எங்கள் வரிசைப் பெண்கள் முதல் நாளே பேசி வைத்திருக்கிறார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, தலைத் தீபாவளிக்கென்று வளர்த்த சேவலைப் பிடிக்க என்னைத் துரத்தினாள். அது கூடுதலாக வாழ்ந்த நாட்களில் நன்றாகக் கொழுத்திருந்தது. அதன்மேல் யாருக்கும் இரக்கம் வரவில்லை.

அம்மா அத்தானின் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் வைத்தாள். வேட்டியும் சட்டையும் உடுத்தி அவர் கூடத்துக்கு வந்தபோது இளைத்துப் போயிருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மூக்கின்மேல் ஒரு தழும்பு விழுந்தேவிட்டது. அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு வெட்கத்தோடு எங்களைப் பார்த்தாள். நான் மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டேன்.

பிள்ளைகள் மிச்சம் வைத்திருந்த மத்தாப்பை எங்கள் வாசலில் கொளுத்தினார்கள். பகல் வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் கத்தினார்கள். குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற மலாய்க்காரர், அப்பாவின் கூட்டாளி, மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்தார். தீபாவளி அன்றே வந்திருக்கிறார். வேப்பிலையைப் பார்த்ததும் யாரோ விஷயத்தைச் சொல்ல, பாதையிலிருந்தே திரும்பிப் போயிருக்கிறார். இன்று பக்கத்து வீட்டு அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாள். "செலாமாட் தீபாவளி," என்று வாழ்த்தி அத்தானின் கையைக் குலுக்கினார். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தன் தாடையில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பெரியம்மாவும் வந்தாள். ஒரு தட்டு நெய் உருண்டையை அக்காவின் கையில் கொடுத்தாள். அன்று சொன்னதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா அத்தானின் இலையில் ஈரலைத் தூக்கி வைத்தார். "சாப்புடுங்க மாப்ள, ஒடம்பு தேறணும்." அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "என்னா பாக்குற? சோறு போடு," என்றார் அப்பா.

அவர்கள் ரவாங் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எதிர்பார்த்த மாதிரி அக்காவுக்குப் போட்டது. சுவர் காப்பாற்றவில்லை. அத்தான் நான் வேலை செய்த கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சொன்னதும், அப்பா மண்டோரிடம் விடுமுறை கேட்டுவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார். அம்மாவும் வருகிறேன் என்றாள். "நான் பாத்துக்கறேன், எனக்குத்தான் பழக்கம்," என்று அவளை நிறுத்திவிட்டார்.

வாரம் முழுக்க இருப்பார் என்று நினைத்தோம். சீக்கிரமே திரும்பிவிட்டார். அம்மா பயந்துபோய் வாசலுக்கு ஓடினாள்.

"ஏன் வந்துட்டீங்க? புள்ள எப்படியிருக்கா?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நல்லாருக்கா. எனக்கு அங்க வேலையே இல்ல. அவனே எல்லாம் பாக்குறான். கையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருக்கான். என்னைய ஒண்ணும் தொட விடல," என்றார். "பசிக்கிது. சோறு இருக்கா?"